அரிய மண் சுத்திகரிப்பு ஒரு கூடத்துக்குள் அடங்குமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமிலக் குளம் வேண்டாம், ஊரளவு ஆலை வேண்டாம், ஒரு கூடத்துக்குள் அடங்கும் கருவிகளை வைத்தே அரிய மண் தனிமங்களையும் லித்தியம், கோபால்ட் போன்ற பேட்டரி உலோகங்களையும் 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமாகப் பிரித்துவிடலாம் என்று சில அமெரிக்க நிறுவனங்கள் சொல்கின்றன. இது நிஜமா, விளம்பரமா? நிஜம் என்றால் நம் கன்னியாகுமரிக் கடற்கரையின் மணவாளக்குறிச்சி மணலையும் அப்படியே சுத்திகரித்துவிடலாமே?"

முதல் பாதிக்கு என் பதில்: பெரும்பாலும் நிஜம். இரண்டாவது பாதிக்கு: ஆகாது. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக முடியும் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அரிய மண் தனிமங்கள் மொத்தம் 17. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 15, அவற்றோடு சேர்த்து எண்ணப்படும் ஸ்காண்டியமும் இட்ரியமும். பெயரில்தான் அரியவை. சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு அளவுக்கே இருக்கிறது. கஷ்டமெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதில்தான். அமிலத்தில் கரைந்துவிட்டால் இந்த 15-ம் மூன்று நேர்மின்சுமையோடு ஒரே மாதிரி நடந்துகொள்ளும். வித்தியாசம் அயனியின் பருமனில் மட்டுமே. லாந்தனத்தின் அயனி ஆரம் 1.03 ஆங்ஸ்ட்ராம், பதினான்கு படி தள்ளியிருக்கும் லுட்டீசியத்துக்கு 0.86. அதாவது ஒரு படிக்குக் குறைவது ஆங்ஸ்ட்ராமில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான்.

காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் பிரசியோடைமியமும் அடுத்தடுத்த தனிமங்கள். இந்த இரண்டின் கலவையை 'டிடிமியம்' என்ற ஒரே தனிமம் என்று வேதியியலர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1885-இல் ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மணவாளக்குறிச்சிக்கு வரும்போது மறுபடியும் வருவார். 1911-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் என்பவர் தூலியத்தைச் சுத்தமாக எடுக்க சுமார் 15,000 முறை கரைத்துப் படிகமாக்கினார். வேலையின் தன்மை அது. இரண்டு ரகப் பொன்னி அரிசியை ஒன்றாகக் கொட்டிவிட்டுச் சல்லடையை மட்டும் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்வது போல.

இன்றைய ஆலைகள் இதே வேலையைத் திரவத்தில் செய்கின்றன. அமிலத்தில் கரைந்த கலவையை, மண்ணெண்ணெய் போன்ற ஒரு எண்ணெயில் கரைத்த பாஸ்பரஸ் சேர்மத்தோடு கலக்குகிறார்கள்; பிறகு தெளிய விடுகிறார்கள். கனமான தனிமம் எண்ணெய்ப் பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாயும். நியோடிமியம், பிரசியோடைமியம் ஜோடிக்கு அந்தச் சாய்வு ஒன்றரை மடங்கு, அவ்வளவே. ஒருமுறை கலக்கினால் போதாது என்பதால், கலக்கித் தெளியவைக்கும் தொட்டிகளை (மிக்சர்-செட்லர் என்பார்கள்) வரிசையாக நூற்றுக்கணக்கில் அடுக்கி, எண்ணெயை ஒரு திசையிலும் அமிலத்தை எதிர்த்திசையிலும் ஓட்டுகிறார்கள். பெரிய கொட்டகை, தொட்டி தொட்டியாக எண்ணெய், எங்கும் மண்ணெண்ணெய் வாடை. ஆலையைத் தொடங்கினால் கடைசித் தொட்டியில் சரியான சுத்தத்தில் பொருள் வந்து நிலைப்படவே வாரக்கணக்கில் ஆகும். அதுவரை உள்ளே போட்ட பணம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கூடத்துக்குள் அடங்கும் தொழில்நுட்பங்கள் எல்லாம் குறிவைப்பது இந்தத் தொட்டி வரிசையைத்தான். அந்த அளவில் அவை சொல்வது உண்மை.

ஆனால் விளம்பரத்தில் வராத ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நியோடிமியம் அயனி எண்ணெய்க்குள் ஏறும்போது மூன்று ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளும். அந்த அமிலம் சேர்ந்துவிட்டால் அடுத்த அயனி ஏறாது. அதைச் சமன்செய்ய எரிசோடாவோ அம்மோனியாவோ சேர்க்க வேண்டும். பள்ளிக்கூட வேதியியலை வைத்தே கணக்குப் போடலாம்: ஒரு கிலோ நியோடிமியம் ஆக்சைடு ஒரே ஒரு தடவை ஏறி இறங்குவதற்குச் சுமார் 710 கிராம் எரிசோடா. அது கடைசியில் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான சாப்பாட்டு உப்பாக மாறிக் கழிவுநீரில் போகும். இது குறைந்தபட்சக் கணக்கு. சுத்தம் கூட வேண்டும் என்று பொருளைத் திரும்பத் திரும்ப உள்ளேயே சுழற்றும்போது இது பல மடங்காகும். அப்புறம் கரைசலிலிருந்து பொருளை வீழ்படிவாக்க ஒரு கிலோ ஆக்சைடுக்கு இன்னொரு 1.1 கிலோ ஆக்சாலிக் அமிலம். அந்த ஆக்சலேட்டைச் சூளையில் சுட்டால்தான் ஆக்சைடு கிடைக்கும்.

தொட்டியைச் சின்னதாக்கினால் இந்தக் கணக்கு சின்னதாகாது. எந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: எத்தனை சதுர மீட்டர் என்று இருக்கும், எத்தனை கிலோ உப்பு என்று இருக்காது.

சரி, இப்போது கருவிகளுக்கு வருவோம். இவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது உண்மையில் பழைய முறையின் மறுபிறப்பு. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதற்குப் பின்னும் அயோவாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஃபிராங்க் ஸ்பெடிங் குழு, ரெசின் மணிகள் நிரப்பிய நெடுங்குழாய்களில் அரிய மண் கலவையை ஏற்றி, அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கரிமச் சேர்மத்தால் மெல்லக் கழுவிப் பிரித்தது. அருமையாக வேலை செய்தது. ஆனால் கரைசல் மிகவும் நீர்த்து இருக்க வேண்டும்; ஒரு லிட்டரில் சில கிராம்தான் ஓட்ட முடியும். எண்ணெய் முறை லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேலும் தாங்கும். எனவே 1960-களில் தொட்டி வரிசை ரெசின் குழாயை ஓரங்கட்டியது.

பர்டூ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் லிண்டா வாங் இந்தக் குழாயைத்தான் மறுபடி கையில் எடுத்தார். புதுமை ரெசினில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு தனிமமும் எந்த வேகத்தில் குழாயில் நகரும், எங்கே ஒரு பட்டை முடிந்து அடுத்தது தொடங்கும், கலந்து நிற்கும் இடைப்பகுதியை எந்தக் குழாய்க்குத் திருப்பிவிட வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு வடிவமைக்கும் முறை அது. கழிவுக் காந்தத்திலிருந்து எடுத்த கலவையில் நியோடிமியம், பிரசியோடைமியம், டிஸ்ப்ரோசியம் மூன்றையும் 99 சதவீதத்தைத் தொட்ட சுத்தத்திலும் மீட்பிலும் பிரித்துக்காட்டினார்கள். இந்தத் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்ட ரீஎலிமெண்ட் என்ற இண்டியானா நிறுவனத்துக்கு 2025 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 8 கோடி டாலர் கடன் அறிவித்தது. மண்ணெண்ணெய் இல்லை, பாஸ்பரஸ் சேர்மம் இல்லை, பிடித்துக் கழுவும் சேர்மத்தை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம், கலவை மாறினால் வால்வு வரிசையை மாற்றினால் போதும். இத்தனையும் நிஜமான லாபங்கள். பழைய குறை மட்டும் அப்படியே நிற்கிறது: தண்ணீர் நிறைய ஓடும். அந்தத் தண்ணீரை வடிகட்டித் திரும்ப உள்ளே விடுவதற்கு ஆகும் மின்சாரத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் ரமேஷ் பாவே குழு வேறொரு வழி பிடித்தது. எண்ணெயையும் அமிலத்தையும் கலக்கவே வேண்டாம். மெல்லிய குழல் இழைகளின் சுவரில் இருக்கும் நுண்துளைகளுக்குள் எண்ணெயை நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் கலவையையும் மறுபக்கம் இறக்கும் அமிலத்தையும் ஓடவிட்டால், அயனி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிவிடும். கலக்குவதும் தெளிவதும் இல்லாததால் இடமும் நேரமும் மிச்சம், எண்ணெயும் கொஞ்சம்தான் வேண்டும். அரிய மண் தனிமங்களை ஒட்டுமொத்தமாக இரும்பிலிருந்து பிரிக்க இது பிரமாதம். அடுத்தடுத்த தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும்போது இதுவும் பல கட்டமாகத்தான் போக வேண்டும். சாய்வு ஒன்றரை மடங்கு என்றால் அது எந்தக் கருவிக்கும் ஒன்றரை மடங்குதான்.

அந்தச் சாய்வையே மாற்ற முயல்வது புரதம். 2018-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கொட்ரூவோ குழு லான்மாடுலின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. மெத்தனாலைத் தின்று வாழும் ஒரு பாக்டீரியா அரிய மண் தனிமங்களைச் சேர்த்துக்கொள்ள அதைப் பயன்படுத்துகிறது. கால்சியத்தைவிடப் பத்துக் கோடி மடங்கு இறுக்கமாக அரிய மண் அயனியைப் பிடிக்கும். 2023-இல் ஓக் மர மொட்டுகளிலிருந்து எடுத்த இன்னொரு பாக்டீரியாவின் லான்மாடுலின், இலேசான அயனியைப் பிடித்தால் இரண்டிரண்டாகச் சேர்கிறது, கனமானதைப் பிடித்தால் அவ்வளவாகச் சேர்வதில்லை என்று காட்டினார்கள். அதை வைத்து நியோடிமியத்தையும் டிஸ்ப்ரோசியத்தையும் ஒரே கட்டத்தில் 98 சதவீதத்துக்கு மேல் பிரித்தார்கள். அழகான அறிவியல், மறுப்பே இல்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்கு: இந்தப் புரதத்தின் மூலக்கூறு எடை சுமார் 12,000. அது பிடிப்பது மூன்று அயனி. ஒரு கிலோ நியோடிமியத்தை ஒரே சமயத்தில் பிடித்துவைக்கச் சுமார் 28 கிலோ புரதம் வேண்டும். அதைத் தாங்கும் மணிகளின் எடை தனி. ஆயிரக்கணக்கான தடவை கெடாமல் திரும்பத் திரும்பப் பயன்பட்டால்தான் கட்டுப்படியாகும். சுரங்கக் கழிவு, சாம்பல் கரைசல் போல அரிய மண் துளித்துளியாக இருக்கும் இடத்தில் முதலில் அள்ளியெடுக்க இதைவிட நல்ல கை வேறில்லை என்று நினைக்கிறேன். பெரிய ஆலையை இது நாளைக்கே விரட்டும் என்று நினைக்கவில்லை.

கையடக்கம் என்பதே ஏதோ நேற்று பிறந்தது போலப் பேசப்படுவதால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் கோரல் நிலையம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேக உலைகளின் எரிபொருளை மறுசுத்திகரிக்கிறது. அங்கே தொட்டிக்குப் பதில் வேகமாகச் சுழலும் மையவிலக்குக் கருவிகள். கலப்பதும் பிரிவதும் நொடிகளில் முடியும். ஈயச் சுவருக்குள் இடம் குறைவு, கரைப்பான் அதிக நேரம் கதிர்வீச்சில் கிடந்தால் கெட்டுப்போகும் என்ற இரண்டு காரணத்துக்காக அப்படிச் செய்தார்கள். எண்ணெய் முறையையே சின்னதாக்க முடியும் என்பதற்கு நம்மூர் கடற்கரையிலேயே உதாரணம் இருக்கிறது. அதை அரிய மண் பிரிப்புக்குக் கொண்டுவருவதில் வேதியியல் தடை எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான கட்டங்களுக்கும் சுழலும் கருவி வாங்க ஆகும் செலவுதான் தடை.

இப்போது முக்கியமான இடம். அரிய மண் ஆலைகள் உலகத்தில் எங்கெல்லாம் மக்களிடம் மாட்டிக்கொண்டனவோ, அங்கெல்லாம் சண்டை எதைப் பற்றி என்று பாருங்கள். கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் ஒருகாலத்தில் உலகத்தின் பெரும்பகுதி அரிய மண்ணைக் கொடுத்தது. 1990-களில் அதன் உப்புக் கழிவுநீரைப் பாலைவன ஏரிப் படுகைக்குக் கொண்டுபோன குழாய் உடைந்து கசிந்தது. அந்த நீரில் தோரியம், ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமங்களின் தடயங்களும் இருந்தன. 1998-இல் பிரிப்பு ஆலை நின்றது. பின்னால் வந்த மோலிகார்ப் நிறுவனம் 150 கோடி டாலருக்கு மேல் போட்டுப் புது ஆலை கட்டி, உப்புநீரை மின்னாற்பகுப்பு செய்து எரிசோடாவும் அமிலமுமாகத் திரும்ப மாற்றிக்கொள்ளத் திட்டம் வைத்தது. சரியான யோசனைதான். ஆனால் அந்தப் பிரிவு எதிர்பார்த்தபடி ஓடவில்லை, அரிய மண் விலையும் சரிந்தது, 2015-இல் நிறுவனம் திவாலானது. அங்கே பிரச்சினை உப்பு.

மலேசியாவின் குவாந்தானில் லைனாஸ் ஆலைக்கு எதிராக 2011 முதலே போராட்டம். ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் தாதுவை அங்கே கொண்டுவந்து கந்தக அமிலத்தோடு சூளையில் சுட்டுக் கரைத்தபோது மிஞ்சிய, தோரியம் கலந்த மண்குவியல்தான் காரணம். எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றி யாரும் கொடி பிடிக்கவில்லை. தாதுவை உடைக்கும் வேலையை வெளியே கொண்டுபோகச் சொல்லி மலேசிய அரசு அழுத்தம் கொடுத்ததும் லைனாஸ் ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் அதற்கென்று தனி ஆலை கட்டியது. பிரிப்பு ஆலை குவாந்தானிலேயே நிற்கிறது; 2025 மே மாதம் சீனாவுக்கு வெளியே வணிக அளவில் முதல் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடும் அங்கேதான் வந்தது. அங்கே பிரச்சினை தோரியம்.

ஆக, அழுக்கு வருவது இரண்டு இடத்தில்: தாதுவை உடைக்கும் இடத்திலும், அமிலமும் காரமும் சந்தித்து உப்பாகும் இடத்திலும். கூடத்துக்குள் அடங்கும் கருவி இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உப்பை ஓரளவு குறைக்கும், எண்ணெயை ஒழிக்கும். தோரியத்தை அது தொடுவதே இல்லை.

ஆக்சைடு கைக்கு வந்த பின்னும் வேலை இருக்கிறது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். உருகிய ஃபுளோரைடு உப்பில் சுமார் 1,050 டிகிரியில் மின்சாரம் பாய்ச்சித்தான் நியோடிமியம் உலோகமாகிறது. ஆக்சைடு ஊட்டுவதில் கவனம் தவறினால் கிராஃபைட் மின்வாயிலிருந்து ஃபுளோரோகார்பன் வாயுக்கள் கிளம்பும். புவி வெப்பமாதலில் அவை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கொடியவை.

பேட்டரி உலோகங்களில் கதை வேறு. லித்தியம், நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ் ஒன்றுக்கொன்று நன்றாகவே வேறுபட்டவை. கொஞ்சம் நெருக்கமான நிக்கல், கோபால்ட் ஜோடியைக்கூட ஆயிரக்கணக்கான மடங்கு சாய்வோடு பிரிக்கும் கரைப்பான் பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கிறது. பிரிப்பதற்குச் சில தொட்டி போதும். தலைவலி சோடியம் சல்பேட். பாறையிலிருந்து எடுக்கும் லித்தியம் முதலில் சல்பேட்டாக வரும். எரிசோடா சேர்த்து ஹைட்ராக்சைடாக்குவார்கள். ஒரு டன் லித்தியம் ஹைட்ராக்சைடு மோனோஹைட்ரேட்டுக்குச் சுமார் 1.7 டன் சோடியம் சல்பேட் மிஞ்சும். நிக்கல் சல்பேட்டை ஹைட்ராக்சைடாக்கி நேர்மின்வாய்ப் பொருள் செய்யும்போதும் இதே கதை: ஒரு டன்னுக்கு ஒன்றரை டன். சலவைத்தூள், கண்ணாடித் தொழில்கள் எவ்வளவுதான் வாங்கும்? சந்தை நிறைந்துவிட்டால் மிச்சம் கடலுக்கோ குவியலுக்கோ போகும்.

இங்கேதான் மின்வேதியியல் உள்ளே வருகிறது. இருதுருவச் சவ்வுகளை அடுக்கி மின்சாரம் பாய்ச்சினால் சோடியம் சல்பேட் மறுபடி எரிசோடாவாகவும் கந்தக அமிலமாகவும் பிரியும். இரண்டையும் ஆலையிலேயே திரும்பப் பயன்படுத்தலாம். கனடாவின் மாங்குரோவ் லித்தியம் போன்றவர்கள் லித்தியம் உப்பையே நேராக ஹைட்ராக்சைடாக்க இந்த வழியில் போகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: எரிசோடா என்பதே உப்புநீரை மின்னாற்பகுப்பு செய்து வருவதுதான். அதைத் தூரத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து, ஒருமுறை பயன்படுத்தி, மறுபடி உப்பாக்கிக் கொட்டுவதைவிட, மின்சாரத்தை நேராக ஆலைக்குள் கொண்டுவருவது புத்திசாலித்தனம். 'தூய்மையான சுத்திகரிப்பு' என்று யாராவது சொன்னால் எனக்குப் பிரிக்கும் கருவியைவிட இந்தச் சவ்வு அடுக்கு இருக்கிறதா என்பதே முக்கியம். சங்கடம் என்னவென்றால் கால்சியமும் மெக்னீசியமும் துளி இருந்தால்கூடச் சவ்வில் படிந்து அடைத்துவிடும். கிடைக்கும் அமிலமும் நீர்த்துத்தான் இருக்கும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மாநிலத்தில் இதைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

உப்பு ஏரி லித்தியத்தில் இப்படி வேலையைச் சுருக்குவது ஏற்கனவே நடந்துவிட்டது. சிலியின் அட்டகாமாவில் உப்புநீரை வெயிலில் காயவைத்து எடுக்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். லித்தியத்தை மட்டும் உறிஞ்சும் பொருளைக் கொண்டு சில மணி நேரத்தில் பிரிப்பதை அர்ஜென்டினாவின் ஓம்ப்ரே முவேர்த்தோவில் 1990-களிலிருந்தே செய்கிறார்கள். அதில் லித்தியத்தை இறக்க நல்ல தண்ணீர் வேண்டும். பாலைவனத்தில் அது சின்ன விஷயமில்லை.

நிக்கலில் எந்தச் சுருக்கமும் எடுபடாது. இந்தோனேசியாவின் செம்மண் தாதுவில் நிக்கல் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அதிக அழுத்தத்தில், 250 டிகிரியில், கந்தக அமிலத்தில் வேகவைத்து எடுத்த பிறகு ஒரு டன் நிக்கலுக்கு நூறு டன்னை ஒட்டிய கழிவுச் சேறு மிஞ்சும். கருவி எவ்வளவு சின்னதானாலும் அந்தச் சேற்றை எங்கே வைப்பது?

இந்தக் கோணத்தில் பார்த்தால், கூடத்துக் கருவிக்குப் பொருத்தமான உணவு எது என்று தானாகத் தெரியும். கழிவுக் காந்தம். அதில் எடைக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி அரிய மண், பதினைந்து தனிமம் இல்லை, மூன்று நான்குதான், தோரியம் கிடையாது. பழைய பேட்டரியை நொறுக்கி எடுக்கும் கருந்தூளும் அப்படித்தான், எந்தத் தாதுவைவிடவும் செறிவானது. கழிவு ஊருக்கு ஊர் சிதறிக் கிடப்பதால், பெரிய ஆலைக்கு லாரியில் ஏற்றி அனுப்புவதைவிடச் சின்ன ஆலையைப் பக்கத்தில் வைப்பதற்கு அர்த்தமும் இருக்கிறது. பர்டூ குழுவின் சோதனைக்குக் கழிவுக் காந்தம் மூலப்பொருளானது தற்செயல் இல்லை. ஏம்ஸ் ஆய்வகத்தில் அமிலமே இல்லாமல் செம்பு நைட்ரேட் கரைசலில் காந்தத்தைக் கரைக்கும் முறையையும் உருவாக்கியிருக்கிறார்கள்.

அதைவிட நல்லது பிரிக்காமலே விடுவது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரெக்ஸ் ஹாரிஸ் தொடங்கிவைத்த வழி: காந்தம் இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால் காந்தம் ஹைட்ரஜனை உறிஞ்சி ஊதி, தானே பொடியாக உதிர்ந்துவிடும். அந்தப் பொடியைச் சலித்து, கொஞ்சம் புது உலோகம் சேர்த்து, மறுபடி காந்தமாக அழுத்தலாம். அமிலம் இல்லை, உப்பு இல்லை, நியோடிமியத்தையும் பிரசியோடைமியத்தையும் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. எல்லாக் காந்தத்துக்கும் இது ஒத்துவராது. துருப்பிடித்தது, பலவகை கலந்தது எல்லாம் வேதியியல் வழிக்குத்தான் போக வேண்டும்.

"அப்படியென்றால் சீனாவின் ஆதிக்கம் முடிந்ததா?" என்றும் கேட்பார்கள். 2024-இல் உலகச் சுரங்க உற்பத்தி சுமார் 3,90,000 டன் அரிய மண் ஆக்சைடு. அதில் 2,70,000 டன் சீனாவுடையது. சுத்திகரிப்பில் அதன் பங்கு இன்னும் பெரிது, பத்தில் ஒன்பது. 1970-களில் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சூ குவாங்சியான், எத்தனை தொட்டி, எவ்வளவு ஓட்டம் என்பதைத் தாளிலேயே கணக்கிடும் கோட்பாட்டை உருவாக்கினார். அதைப் படித்த பொறியாளர்கள் நாடு முழுக்க ஆலை கட்டினார்கள். 2023 டிசம்பரில் பிரிப்புத் தொழில்நுட்பத்தை ஏற்றுமதி செய்யவே சீனா தடை போட்டது, 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயமாக்கியது. சுத்தமான முறைகளைத் தேடுவது அமெரிக்கா மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். குவாங்சோ புவிவேதியியல் நிறுவனத்தினர் களிமண் தாதுவுக்குள் மின்சாரம் பாய்ச்சி அயனிகளை ஓரிடத்துக்கு இழுக்கும் முறையை 5,000 டன் அளவில் செய்துகாட்டி, 95 சதவீதத்துக்கு மேல் மீட்டிருக்கிறார்கள். மலைச்சரிவு முழுக்க அம்மோனியம் சல்பேட் ஊற்றும் பழைய பழக்கத்துக்கு மாற்று அது.

விலைதான் உண்மையான எதிரி. 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, மவுண்டன் பாஸை இப்போது நடத்தும் எம்.பி. மெட்டீரியல்ஸ் நிறுவனத்துக்கு நியோடிமியம்-பிரசியோடைமியம் கிலோவுக்கு 110 டாலர் என்று அடிமட்ட விலை உத்தரவாதம் கொடுத்தது. அப்போது சந்தை விலை அதைவிட வெகுகீழே. வேதியியல் மட்டுமே போதுமென்றால் அந்த உத்தரவாதம் தேவைப்பட்டிருக்காது.

இனி மணவாளக்குறிச்சி. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில், அரிய மண்ணும் தோரியமும் கலந்த மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்துத் தேடிவந்த கடற்கரை அது. தேடியது தோரியத்தை. கேஸ் விளக்கின் மேண்டிலுக்கு அப்போது தோரியம் வேண்டும். அந்த மேண்டிலைக் கண்டுபிடித்தவர் மேலே சொன்ன அதே அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக். அன்று தோரியம் சரக்கு, அரிய மண் கழிவு. இன்று தலைகீழ்.

இந்திய மோனசைட்டில் அரிய மண் ஆக்சைடு 55 முதல் 60 சதவீதம், தோரியம் ஆக்சைடு 9 சதவீதத்தை ஒட்டி. அந்த அரிய மண்ணில் நாலில் ஒரு பங்குதான் நியோடிமியமும் பிரசியோடைமியமும். கணக்குப் போட்டால், காந்தத்துக்கான ஒரு கிலோ ஆக்சைடுக்குச் சுமார் ஏழு கிலோ மோனசைட்டை உடைக்க வேண்டும். கூடவே 600 கிராம் தோரியம் ஆக்சைடும், வாங்க ஆளில்லாத இரண்டரைக் கிலோவுக்கு மேல் சீரியமும் லாந்தனமும் வரும். மணவாளக்குறிச்சியில் நடப்பது மணலைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் வகைபிரிப்பது மட்டும். அதில் அமிலமே கிடையாது. மோனசைட்டை எரிசோடாவில் வேகவைத்து உடைப்பது ஒடிசாவின் சத்ரபூரில். தனித்தனியாகப் பிரிப்பது கேரளாவின் ஆலுவாவில். ஆலுவாவுக்குப் பதில் நீங்கள் சொல்லும் கருவியை வைக்கலாம், தாராளமாக. ஆனால் தோரியமும், அதன் வழித்தோன்றலான ரேடியமும் சத்ரபூரிலேயே பிரிந்து தங்கிவிடுகின்றன. ரேடியம்-228-இன் அரை ஆயுள் ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. தோரியத்துக்கு 1,400 கோடி ஆண்டு. நம் அணுசக்தித் துறை தோரியத்தை எதிர்கால எரிபொருள் என்று சேமிக்கிறது. சேமிப்பு என்றாலும் கழிவு என்றாலும் அதைக் காவல் காக்கும் இடம் ஒன்று வேண்டும். கரையோரத்தில் மணல் அள்ளினால் என்ன ஆகும் என்ற மீனவர்களின் கேள்விக்கும் இந்தக் கருவியிடம் பதில் கிடையாது. அந்த விவாதத்தில் 'புதுத் தொழில்நுட்பம் வந்துவிட்டது, இனி மாசில்லை' என்று யாராவது சொன்னால் இரண்டு தனித்தனி விஷயத்தை ஒன்றாக்குகிறார் என்று பொருள்.

இன்னொன்றும் உண்டு. நம் மோனசைட்டில் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் இருப்பதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. கார் மோட்டாரின் சூட்டில் காந்தம் பலமிழக்காமல் இருக்க அவைதான் வேண்டும். எந்தக் கருவியை வாங்கினாலும் மணலில் இல்லாததை எடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் இந்தக் கருவியை எங்கே வைப்பீர்கள் என்று என்னைக் கேட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் என்பேன். மின்சார ஸ்கூட்டர்கள் லட்சக்கணக்கில் வெளிவருவது அங்கேதான். அவற்றின் மோட்டாரும் பேட்டரியும் என்றாவது திரும்பி வரும். முப்பந்தல் காற்றாலைகளைக் கழற்றினால் காந்தம் கிடைக்கும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அங்கே நிற்கும் பழைய காற்றாலைகள் பெரும்பாலானவற்றில் நியோடிமியம் காந்தமே கிடையாது, சாதாரணத் தூண்டல் ஜெனரேட்டர்தான். உடனடி உணவு வேறு இடத்திலிருந்து வரலாம். 2025 நவம்பரில் மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. காந்தத்தை அறுத்துத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவரும்போது பொருளில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ப்புத்தூளாகப் போய்விடும். அந்த ஆலைகள் எங்கே அமைந்தாலும், தோரியம் இல்லாத, என்ன கலவை என்று முன்பே தெரிந்த அந்தத் தூள்தான் கூடத்துக் கருவியை ஓட்டிப்பார்க்க நாட்டில் கிடைக்கப்போகும் முதல் சரியான மூலப்பொருள்.